எல்லைப்புற விபத்து ராஜிகளும் சட்டம் தந்த காவலும்

நம் கோர்ட்டுகளில் வழங்கும் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்த சொல் 'ராஜி'. அரபு மொழியில் சம்மதம் என்ற பொருள்கொண்ட சொல் பாரசீகம் வழியாக நவாபு காலக் கச்சேரிகளுக்கு வந்து, கும்பினிக் காலத்தில் தமிழிலும் மலையாளத்திலும் நிலைத்துவிட்டது. வழக்காடிய இருவரும் சம்மதித்து எழுதிக்கொடுக்கும் கடுதாசி ராஜிநாமா. உத்தியோகத்தை விட்டுப் போகிறவர் எழுதுவதும் பின்னாளில் அதே பெயரைப் பெற்றது. இரண்டுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு: கையெழுத்துப் போட்ட பிறகு திரும்பக் கேட்கமுடியாது.

பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலையடிவாரத்திலும் வாழ்கிற நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சொல் வேறு ஒரு வழியில் பழக்கம். வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் என்று இந்தப் பக்கமும், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று அந்தப் பக்கமும் எந்தச் சாலையில் அடிபட்டாலும், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே யாராவது ஒருவர் வந்து "கேஸ் கீஸ் எல்லாம் எதுக்கு, ராஜியாப் போயிடலாம்" என்று சொல்லிவிடுகிறார். வக்கீல் வைக்கப் பணமில்லை, அடுத்த மாநிலத்துக் கோர்ட்டுக்கு அலைய நேரமில்லை, வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியில்லை. ஆகவே ராஜி. இதில் தப்பில்லை. வக்கீல் இல்லாமல் இழப்பீடு பேசித் தீர்த்துக்கொள்ள நம் சட்டம் என்றுமே தடை சொன்னதில்லை. ஆனால் அப்படித் தீர்க்கும்போது அடிபட்டவன் ஏமாறக்கூடாது என்று அந்தச் சட்டம் ஒரு நூறு ஆண்டுக்கு மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக வேலி கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அந்த வேலியின் கதையைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

மோட்டார் வண்டி வருவதற்கு முன்பே, 1855இல், விபத்தில் உயிர் இழந்தவரின் குடும்பத்தார் இழப்பீடு கேட்கலாம் என்று இந்தியாவுக்கு ஒரு சட்டம் வந்தது. 1855ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டம் அது. இறந்தால் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் கேட்கலாம். கை, கால் போய் உயிரோடு இருக்கிறவன் சாதாரண சிவில் வழக்குத்தான் போடவேண்டும். கேட்கிற தொகைக்கு ஏற்ப முத்திரைக் கட்டணம் கட்டவேண்டும். பத்தாயிரம் கேட்க ஆசைப்பட்டால் முதலில் கையிலிருந்து சில நூறு எடுத்து வைக்கவேண்டும். அந்தக் காலத்துச் சில நூறு என்பது ஒரு கூலிக்காரனின் சில வருஷச் சம்பாத்தியம்! எனவே உரிமை புத்தகத்தில் இருந்தது, பணம் எதிராளியின் பெட்டியில் இருந்தது.

உண்மையான திருப்பம் வேறு ஒரு திசையிலிருந்து வந்தது. 1923இல் இயற்றி 1924 ஜூலை 1 முதல் அமலான தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். சாலை விபத்தைப் பற்றி எழுத வந்தவன் ஆலைச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்கவேண்டாம். ஏழை ஒருவன் பணக்காரன் ஒருவனோடு தனியே உட்கார்ந்து ராஜி பேசினால் என்ன ஆகும் என்பதை நன்றாக யோசித்து எழுதிய சட்டம் இது என்பது என் கருத்து. மூன்று ஏற்பாடுகளைப் பாருங்கள். ஒன்று, சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது. இரண்டு, மொத்தத் தொகையாகப் பேசி முடித்தால் அந்த ஒப்பந்தத்தை முதலாளி கமிஷனருக்கு அனுப்பிப் பதிவு செய்யவேண்டும். தொகை போதாது, ஏமாற்றி வாங்கியது, நெருக்கிக் கையெழுத்து வாங்கியது என்று கமிஷனருக்குப் பட்டால் பதிவு செய்ய மறுக்கலாம். மூன்றாவதுதான் ரசமானது. பதிவுக்கு அனுப்பாமல் முதலாளி ரகசியமாகக் கொடுத்துத் தீர்த்திருந்தால், பிற்பாடு முழுத்தொகைக்கும் அவரே பொறுப்பு. ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும், கமிஷனர் தனியாக உத்தரவிட்டால் ஒழிய, முடியாது. திருட்டு ராஜிக்கு அபராதமே பாதித் தொகை!

பாலக்காடு அன்று மதராஸ் மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்ததால் இந்தச் சட்டம் நேரே இங்கு வந்தது. இடுக்கி மலைகள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபடியால் பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் அங்கே நேராகச் செல்லவில்லை. இந்தப் பழைய சட்டம் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் கரைந்து, அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலாகிவிட்டது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் ஏற்பாடு அதிலும் தொடர்கிறது. ஏலத்தோட்டத்து வேலையாகப் போகும்போது அடிபட்டவர்கள் இந்த வழியில் கேட்கலாம், அல்லது மோட்டார் சட்டத்தின் வழியில் கேட்கலாம். இரண்டிலும் கேட்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

இனி மோட்டாருக்கு வருவோம். இங்கிலாந்தில் 1930இல் வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டம், வண்டி வைத்திருப்பவன் மூன்றாம் மனிதருக்காக இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்றது. நம் நாட்டில் 1939 மோட்டார் வாகனச் சட்டம் அதே வழியில் நடந்தது. ஆனால் இன்ஷூரன்ஸ் அத்தியாயம் மட்டும் 1946 ஜூலை 1இல்தான் அமலுக்கு வந்தது. இடையில் உலக யுத்தம். அந்த அத்தியாயத்தில் யாரும் அதிகம் கவனிக்காத ஓர் ஏற்பாடு உண்டு: அடிபட்டவருடைய கோரிக்கையைப் பற்றி இன்ஷூரன்ஸ் கம்பெனியும் வண்டிக்காரரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டால் அது செல்லாது, அடிபட்டவரும் அதில் ஒரு கட்சியாக இருந்தே தீரவேண்டும். அவன் முதுகுக்குப் பின்னால் அவன் காலுக்கு விலை பேசக்கூடாது என்பதை அன்றைக்கே எழுதிவைத்தார்கள்.

பிறகு 1956. நமக்கு அந்த வருஷம் மாநிலப் பிரிவினையின் வருஷம். நவம்பர் 1 அன்று மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு தாலூகாக்கள் நாம் கேட்டும் தமிழ்நாட்டுக்கு வரவில்லை. அதே வருஷம் பார்லிமெண்ட் மோட்டார் சட்டத்தைத் திருத்தி, விபத்து இழப்பீட்டுக்கென்றே தனித் தீர்ப்பாயங்களை அமைக்க வழி செய்தது. அது 1957 பிப்ரவரி 16 முதல் அமல். புது எல்லையும் புதுத் தீர்ப்பாயமும் சில மாத இடைவெளியில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்றே சொல்லலாம். ஒன்று இன்னொன்றுக்கு எவ்வளவு தொல்லை கொடுக்கப்போகிறது என்று அன்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

தீர்ப்பாயத்தில் சிவில் கோர்ட்டின் நடைமுறைச் சிக்கல்கள் குறைவு. வக்கீல் இல்லாமல் அடிபட்டவரே விண்ணப்பம் கொடுக்கலாம். ஆனால் 60 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்று முதலில் வைத்திருந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்தவன் எழுந்து உட்காருவதற்கே 60 நாள் ஆகுமே! 1970இல்தான் அது ஆறு மாதமாயிற்று. அதோடு, விபத்து எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்த் தீர்ப்பாயத்தில்தான் கேட்கவேண்டும். கம்பத்துப் பெண் வண்டன்மேட்டுக்கு அருகில் அடிபட்டால் கேரளத்தில் மலையின் மறுபக்கத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். கொழிஞ்சாம்பாறைக்காரர் பொள்ளாச்சிச் சாலையில் அடிபட்டால் கோயமுத்தூர் ஜில்லாக் கோர்ட்டுக்குப் போகவேண்டும். வாய்தாவுக்கு வாய்தா பஸ் செலவு, அன்றைக்கு வேலை போச்சு, பாஷை தெரியாத குமாஸ்தா. எல்லைப்புறத்தில் குறைந்த தொகைக்கு ராஜியாகிற வழக்கம் வேரூன்றியதற்கு இந்த ஒரு விதிதான் முக்கியக் காரணம் என்பேன். 1994 நவம்பர் 14இல் அமலான திருத்தம்தான் இதை மாற்றியது. அன்று முதல் அடிபட்டவர் தாம் குடியிருக்கும் இடத்திலோ, தொழில் செய்யும் இடத்திலோ, எதிராளி இருக்கும் இடத்திலோ விண்ணப்பிக்கலாம். கோயமுத்தூர் பக்கத்தில் அடிபட்ட பாலக்காட்டுக்காரர் பாலக்காட்டிலேயே கேட்கலாம். இடுக்கியில் அடிபட்ட கம்பத்துக்காரர் தேனி மாவட்டத்திலேயே கேட்கலாம். இந்த விஷயம் முப்பது வருஷம் கழித்தும் எல்லைப்புறத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. "கேரளாவுல நடந்தது, அங்கதான் போகணும், உங்களால முடியுமா?" என்று சொல்லித்தான் இன்றைக்கும் இடைத்தரகர்கள் பேரத்தை ஆரம்பிக்கிறார்கள்.

இந்தக் கதையில் நம் பாலக்காட்டுக்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. வைத்தியநாதபுரத்தில் பிறந்து, தலச்சேரியில் வக்கீலாகத் தொழில் செய்து, 1957இல் அமைந்த கேரளத்தின் முதல் மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்து, பின் உச்ச நீதிமன்ற நீதிபதியான வி. ஆர். கிருஷ்ணய்யர். ஹரியானா அரசு பஸ் மோதி இறந்துபோன ஒருவருடைய மனைவியும் மகளும் கட்டணம் கட்ட வழியில்லாமல் விண்ணப்பித்தபோது, ஏழைகளுக்கான கட்டண விலக்கு சிவில் கோர்ட்டுக்குத்தான், தீர்ப்பாயத்துக்கு இல்லை என்று அந்த மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. அரசாங்கமே! 1979இல் கிருஷ்ணய்யர் அந்த வாதத்தைத் தள்ளி, தீர்ப்பாயத்திலும் ஏழைக்குக் கட்டண விலக்கு உண்டு என்று தீர்த்தார். சட்ட உதவி பற்றி மத்திய அரசு நியமித்த குழுவுக்கு அவர் தலைமை ஏற்று 1973இல் கொடுத்த அறிக்கைதான் இன்றைய இலவசச் சட்ட உதவிக்கு முன்னோடி. 1976இல் அரசியல் சாசனத்தில் 39ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 1982இல் குஜராத்தின் ஜுனாகட் மாவட்டத்தில் முதல் லோக் அதாலத் கூடியது. 1987இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் நிறைவேறி 1995 நவம்பர் 9 முதல் அமலானது.

அந்தச் சட்டத்தின் பயனை நம் மக்கள் இன்னும் முழுக்க அனுபவிக்கவில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தாலூகாதோறும் இதற்குக் கமிட்டி இருக்கிறது. ஆக 'வக்கீல் இல்லாமல்' என்று நாம் சொல்வதில் பாதி, வக்கீல் கிடைக்கும் என்று தெரியாததால் வந்த நிலைமை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜெயித்துக் கொடுக்கும் தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று வக்கீல் பங்கு பேசுவது தொழில் ஒழுக்கக்கேடு என்று உச்ச நீதிமன்றம் 1954லேயே சொல்லியாயிற்று, பார் கவுன்சில் விதியும் அதைத் தடுக்கிறது. அப்படிப் பங்கு கேட்ட அனுபவத்தால் வக்கீல்களையே வெறுத்துப்போனவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது விதிவிலக்கு, விதி அல்ல.

லோக் அதாலத்தில் தீர்த்துக்கொள்வதற்கு வக்கீல் கட்டாயமில்லை, கட்டணமில்லை, இரு தரப்பும் சம்மதித்தால்தான் தீர்ப்பு. சம்மதம் இல்லையென்றால் வழக்கு பழையபடி தீர்ப்பாயத்துக்கே திரும்பும், நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் சம்மதித்துவிட்டால் அது கோர்ட்டு டிக்ரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. மேடைக்கு வந்துவிட்டோமே, பெரிய மனிதர்கள் சொல்கிறார்களே என்ற கூச்சத்தில் தலையாட்டிவிடக்கூடாது. வேண்டாம் என்று சொல்வதும் அங்கே ஓர் உரிமை.

பணம் கைக்கு வந்த பிறகு அதைக் காப்பாற்றிக்கொள்வது தனிக் கதை. அதற்கு வழிகாட்டியதும் ஒரு கேரள வழக்குத்தான். கேரள அரசு சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் பொது மேலாளர் கட்சியாக இருந்து, 1994ஆம் வருஷத்துச் சட்ட அறிக்கைகளில் வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அது. இழப்பீட்டைக் கணக்கிடும் பெருக்கல் முறைக்காகத்தான் வக்கீல்கள் அதை மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதன் பின்பகுதிதான் பெரிது. குஜராத் உயர் நீதிமன்றம் 1982இல் வகுத்த நெறிகளை எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது இது: மைனர் பிள்ளைகளின் பங்கை வயது வரும்வரை பாங்கில் நீண்டகால டெபாசிட்டாகப் போடவேண்டும், எழுதப்படிக்கத் தெரியாதவர்களின் பணத்தையும் அப்படியே போட்டு, நிலமோ ரிக்‌ஷாவோ தொழில் கருவியோ வாங்கக் கேட்டால் தீர்ப்பாயம் விசாரித்து விடுவிக்கவேண்டும், மேற்கொண்டு வைத்தியம் வேண்டிய காயக்காரருக்கு அந்தச் செலவுக்கு எடுக்க அனுமதிக்கவேண்டும், அந்த டெபாசிட்டின் மேல் பாங்கு கடன் கொடுக்கக்கூடாது. கடைசி ஏற்பாட்டை எழுதியவர்களுக்கு உலகம் தெரிந்திருக்கிறது. வட்டிக்கடைக்காரரும் மச்சானும் எந்த வாசல் வழியாக வருவார்கள் என்று கணித்துப் பூட்டியிருக்கிறார்கள். இதைப் படித்தவர், விவரம் தெரிந்தவர் என்று பாராமல் எல்லாருக்கும் இயந்திரம்போல் பூட்டவேண்டாம் என்று 2012இல் இன்னொரு தீர்ப்பு நிதானப்படுத்தியதும் சரிதான். ஆனால் தெருவில் முடிகிற ராஜியில் இந்தப் பூட்டு எதுவும் கிடையாது என்பதைக் கவனிக்கவேண்டும்.

தொகை எவ்வளவு என்ற கேள்விக்கு வருகிறேன். எவர்சில்வர் பாத்திர வியாபாரத்தில் நாற்பது வருஷமாக எல்லையின் இரு பக்கமும் லைன் போய்வருகிறவன் நான். சித்தூர் தாலூகாவில் கள் இறக்கும் தொழிலாளி ஒருவர், எங்கள் கடைக்கு வருஷக்கணக்காக வந்துபோகிறவர், சைக்கிளில் போகும்போது கார் மோதி இடது முழங்கால் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து மருமகனோடு ஊன்றுகோலில் வந்து, "நயினாரே, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க, 25 ஆயிரம் தர்றாங்களாம்" என்று ஒரு கடுதாசியை நீட்டினார். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, மலையாளத்தில் டைப் அடித்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. வண்டி உடமைக்காரர், ஓட்டியவர், இன்ஷூரன்ஸ் கம்பெனி மூவர்மேலும் இனி எந்தப் பாத்தியதையும் இல்லை, முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன் என்று அதில் இருந்தது. பேசவும் தமிழ், படிக்கவும் தமிழ் மட்டுமே தெரிந்தவர் அவர்.

அவருடைய டாக்டர் சர்டிபிகேட்டில் ஊனம் 40 சதவீதம். கடைக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே நாங்கள் கணக்குப் போட்டோம். வயது 38. மாத வருமானம் 12,000 என்று குறைத்தே வைத்துக்கொண்டோம். 36 முதல் 40 வயதுக்கு உச்ச நீதிமன்றம் 2009இல் நிர்ணயித்த பெருக்கெண் 15. ஆண்டு வருமானம் 1,44,000ஐ 15ஆல் பெருக்கினால் 21,60,000. அதில் 40 சதவீதம் 8,64,000. சுயதொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழே இருந்தால் வருங்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்கலாம் என்று 2017 அக்டோபர் 31இல் அரசியல் சாசன அமர்வு மரண வழக்கில் சொன்னது. காயத்துக்கும் அது பொருந்தும் என்று 2020இல் தெளிவானது. சேர்த்தால் 12,09,600. வைத்தியச் செலவு, வலி, படுத்துக்கிடந்த மாதங்களின் கூலி எல்லாம் இதற்கு மேலே. கடுதாசியில் இருந்தது 25,000.

அதோடு முடியவில்லை. 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் காய வழக்குகளுக்கென்றே ஒரு விரிவான தீர்ப்பு தந்தது. டாக்டர் எழுதும் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் சக்தியில் ஏற்பட்ட இழப்பு வேறு என்று அது பிரித்துக் காட்டியது. இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ இழப்பு ஏறக்குறைய முழுமையாகலாம். அதே கை போன அரசாங்கக் குமாஸ்தாவுக்கு உத்தியோகம் அப்படியே இருக்கலாம். அப்படியானால் தென்னையில் ஏறுகிறவனுக்கு முழங்கால் போனால் 40 சதவீதமா? மறுபடி ஏறமுடியாத கால் அவன் தொழிலுக்கு நூற்றுக்கு நூறு இழப்புதானே! அவரைத் தாலூகாச் சட்டப் பணிகள் கமிட்டிக்கு அனுப்பினேன். இலவச வக்கீல் கிடைத்தார். இரண்டு அதாலத்தில் ஒத்துவராமல் மூன்றாவதில் 9 லட்சத்துச் சொச்சத்துக்கு முடிந்தது. இன்னும் கிடைத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் மகள் கல்யாணம் எதிரே நிற்க, காத்திருக்கச் சொல்ல எனக்கு என்ன பாத்தியதை?

அந்தக் கடுதாசியில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் எல்லாம் போயிருக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான தொகையைத் தீர்மானிக்கவேண்டிய கடமை சட்டப்படி தீர்ப்பாயத்துக்கு உரியது. தெருவில் எழுதிய ரசீது தானாகவே அந்தக் கதவை அடைத்துவிடாது. ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கிய சம்மதத்தை 1872 ஒப்பந்தச் சட்டப்படி ரத்து செய்யலாம். ஆனால் அதை நிரூபிக்கிற சுமை ஊன்றுகோலோடு நிற்கிறவன் தலையில் விழும். எதிர்த்தரப்பு அந்தக் கடுதாசியைத்தான் முதல் ஆவணமாகத் தாக்கல் செய்யும். 1923 சட்டத்தில் இருந்த அந்தப் பாதித் தொகை அபராதம் மோட்டார் சட்டத்தில் இல்லை. இருந்திருக்கவேண்டும்.

இடுக்கிப் பக்கத்து ஜீப்புகளைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. விடியற்காலையில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உட்காருகிறவர்களின் எண்ணிக்கைக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் சம்பந்தமே இருக்காது. 2007இல் உச்ச நீதிமன்றம் ஒரு பஸ் வழக்கில், அளவுக்கு மீறி ஏற்றியிருந்தால் அனுமதித்த எண்ணிக்கை வரைக்கும்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பு என்று தீர்த்தது. அதாவது எத்தனை பேருக்கு இன்ஷூரன்ஸோ, அத்தனை பெரிய தொகைகளைக் கூட்டிக் கம்பெனி கட்டும். அதை எல்லாரும் விகிதப்படி பங்கிட்டுக்கொள்ளவேண்டும். மீதிக்கு ஜீப்புக்காரரைத்தான் பிடிக்கவேண்டும். ஆகவே ஒரே ஜீப்பில் அடிபட்ட பெண்கள் தனித்தனியாக ராஜி பேசுவதைவிட எல்லாரும் ஒரே தீர்ப்பாயத்தில் சேர்ந்து நிற்பது நல்லது. சரக்கு வண்டியில் ஓசியாக ஏறியவர்களுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002இல் வந்த தீர்ப்பும், கட்டாய இன்ஷூரன்ஸ் மட்டும் உள்ள ஸ்கூட்டரின் பின்சீட்டுக்காரருக்குக் கிடைக்காது என்று 2006இல் வந்த தீர்ப்பும் நம் மக்களுக்குக் கசப்பான செய்திகள்தான். சந்தை நாளில் மினி லாரியில் தொற்றிக்கொள்கிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று பலர் கேட்கிறார்கள். இதற்குப் பதில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே இருக்கிறது. திருவள்ளுவர் போக்குவரத்துக் கழக பஸ்ஸில் பயணம் செய்தவர் விபத்தில் இறந்ததற்கு நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடர்ந்து, தேசிய ஆணையம் இழப்பீடும் கொடுத்தது. 1995இல் உச்ச நீதிமன்றம், மோட்டார் விபத்து இழப்பீடு தீர்ப்பாயத்துக்கு மட்டுமே உரிய விஷயம், நுகர்வோர் ஆணையத்துக்கு அதில் அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டது. நாம் பிரீமியம் கட்டிய நம் சொந்தப் பாலிசியில் தகராறு என்றால்தான் நுகர்வோர் ஆணையமும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனும். அங்கே ஓர் ஆறுதல்: முழுத் திருப்தி என்று ரசீது கொடுத்துவிட்டாலும், அது மோசடியாலோ நெருக்கடியாலோ வாங்கியது என்று காட்டினால் நுகர்வோர் வழக்குக்கு அது தடையல்ல என்று 1999லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

இனி, இப்போது நடப்பில் உள்ள சட்டம். 2019 திருத்தம், இழப்பீட்டுப் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் அமல். வக்கீல் இல்லாத ராஜிக்கு முதன்முறையாக ஒரு நேரான பாதையை இதில்தான் போட்டிருக்கிறார்கள். விபத்துச் செய்தி வந்ததும் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஓர் அதிகாரியை நியமிக்கவேண்டும். அவர் 30 நாளுக்குள் விவரத்தோடு தொகை சொல்லலாம், ஆனால் தீர்ப்பாயத்தின் முன்னிலையில்தான். அடிபட்டவர் ஏற்றால் தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்யும், பதிவு கிடைத்த 30 நாளுக்குள் பணம் வரவேண்டும். மறுத்தால் விசாரணைக்குத் தேதி. 1923இல் கமிஷனரிடம் கொண்டுபோய்ப் பதிவு செய் என்று சொன்னதுதான் நூறு வருஷம் சுற்றி மோட்டார் சட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். போலீஸும் 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையையும் 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவேண்டும், அடிபட்டவருக்கு அவர் உரிமைகளைச் சொல்லும் படிவம் கொடுக்கவேண்டும். அந்த அறிக்கையையே விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஏட்டில் இருப்பதெல்லாம் ஸ்டேஷனில் நடக்கிறது என்று சொல்ல வரவில்லை, கேட்டால் கொடுத்தாகவேண்டும் என்று சொல்கிறேன்.

ஆனால் அதே திருத்தத்தில் ஒரு பள்ளமும் இருக்கிறது. யார் தப்பு என்று நிரூபிக்காமலே கிடைக்கும் தொகை 1982இல் மரணத்துக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500 என்று ஆரம்பித்து, 1994இல் 50,000, 25,000 ஆகி, இப்போது மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்று 164ஆம் பிரிவில் நிற்கிறது. முன்பெல்லாம் தப்பு நிரூபிக்காத சிறுதொகையை வாங்கிக்கொண்டே பெரிய தொகைக்கு வழக்கையும் நடத்தலாம். இப்போது 149ஆம் பிரிவின் வழியில் இந்த 164ஆம் பிரிவுத் தொகையை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் இருக்கும் மனு காலாவதியாகிவிடும் என்று 166ஆம் பிரிவில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். கள் இறக்கும் அந்த மனிதரை எடுத்துக்கொள்ளுங்கள். 25,000 கேட்ட காதுக்கு 2.5 லட்சம் பத்து மடங்கு, உடனே சம்மதிப்பார், 12 லட்சம் அன்றோடு சரி. ஆகவே அதிகாரி தொகை சொன்னால், இது 164ஆம் பிரிவிலா 166ஆம் பிரிவிலா என்ற ஒரே கேள்வியைத் தீர்ப்பாயத்தில் எல்லார் முன்னிலையிலும் சத்தமாகக் கேட்கவேண்டும். பதிலையும் எழுத்தில் வாங்கவேண்டும். நம் மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்பதிலும் கூச்சம் வேண்டாம். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடும், சிறுபான்மைப் பகுதிகளிலுள்ள அலுவலகங்களோடும் தமிழிலேயே எழுத உரிமை தந்திருக்கிறது. கலெக்டர் ஆபீசுக்கோ ஆர்.டி.ஓ. ஆபீசுக்கோ மனுப் போடுகிறவர்கள் அதைப் பயன்படுத்தலாம்.

அப்படி மனுப் போடவேண்டிய ஓர் இடம், மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி. இதற்குத் தீர்ப்பாயமும் வேண்டாம் வக்கீலும் வேண்டாம். 2022 ஏப்ரல் முதல் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. வருவாய்த்துறையின் விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பித்தால் கலெக்டர் உத்தரவிடுவார். வாளையார்ச் சாலையில் ராத்திரி நேரத்தில் அடிபட்டு, வண்டி நம்பர் தெரியாததால் ஒன்றும் கிடைக்காது என்று சும்மா இருந்துவிட்ட குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே உண்டு.

கெடு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். 1994இல் எடுத்துவிட்ட ஆறு மாதக் கெடுவை 2019 திருத்தம் திரும்பவும் வைத்தது. இடைத்தரகர்கள் "பேசிக்கிட்டே இருக்கோம், பொறுங்க" என்று நாள் கடத்துவதற்கு இதுவும் ஒரு வசதியாயிற்று. அந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் போய், 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளவேண்டாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் உட்கார்ந்திருக்கவேண்டாம். ராஜிப் பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், ஐந்தாவது மாதம் முடிவதற்குள் மனுவை உங்கள் ஊர்த் தீர்ப்பாயத்தில் கொடுத்துவிடுங்கள். பாலக்காடு மாவட்டத்துக்காரர்களுக்குப் பாலக்காட்டிலும் ஒற்றப்பாலத்திலும், இடுக்கிக்காரர்களுக்குத் தொடுபுழையிலும் தீர்ப்பாயம் இருக்கிறது. மனு நிலுவையில் இருக்கும்போது பேசுகிற ராஜிக்கு எதிராளி சொல்லும் முதல் தொகையே வேறாக இருக்கும்.